சோதனை வேனும் மூன்றாம் ஷெட்டும்

போன மாதம் பிரதீப் என்னைக் கூப்பிட்டார். கொண்டாப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறார். என்னிடம் பயிற்சி பெற்றவர். நான் ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு மூன்று நான்கு பேர் இப்படிக் கூப்பிடுகிறார்கள். கைபேசி ஒலித்தாலே எடுக்கத் தயங்குவேன். நல்ல சேதி சொல்ல யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை.

"சார், நாளைக்கு மைதானத்துக்கு ஊக்கமருந்து சோதனை வேன் வருதுன்னு பேச்சு. என் பசங்கள்ல நாலு பேரை ஜுரம்னு சொல்லி ஊருக்கு அனுப்பிடட்டுமா?"

"ஏதாவது போட்டுக்கறாங்களா?"

"அதான் சார் தெரியல. தெரியாததுதான் பயமா இருக்கு."

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்றேன். "அப்ப எழுதியாவது கொடுங்க சார், நம்ம உடற்கல்வி ஆசிரியர் சங்க மலர்ல போடலாம்" என்றார். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தவித்துவிட்டு எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் பதவியில் இருக்கிறார்கள். அதனால் பல்கலைக்கழகங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் நீலச் சட்டை, அவர்கள் மெரூன் சட்டை. அது போதும்.

என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஆறு பிள்ளைகளில் நான் ஐந்தாவது. ஓட்டத்தில் நான் மாவட்ட அளவைத் தாண்டவில்லை. ஓடுகிறவர்களை எண்ணுவதில் தாண்டினேன். சுற்று எண்ணுவது, பெயர் கூப்பிடுவது, காலணி ஆணி பதினொன்றுக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது. உடற்கல்விப் பட்டம் வாங்கி, இரண்டு பள்ளிகளில் இருந்துவிட்டு, நீலப் பல்கலைக்கழகத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

என் மேலதிகாரி பாஸ்கர ராவ், விளையாட்டுத் துறை இயக்குநர். அவரைப் போலத் தொழில் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல என்னைப் பயமுறுத்தியவரும் இல்லை. ஒரு நாளும் குரல் உயர்த்தமாட்டார். அந்தத் தாழ்ந்த குரலுக்கே பையன்கள் முதுகு நிமிர்வார்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீரனும் தன் பாட்டிலின் மூடியைத் தானே உடைத்துத் திறக்க வேண்டும். பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாலும், எடுத்துக் குடிக்கக் கூடாது. தரையில் கொட்டிவிட வேண்டும். போட்டியில் எதிராளி ஏதாவது கலந்துவிடுவான் என்ற பயம். ஒரு கோடை முகாமில் ஒரு பெண், தாகத்தில் உதடு வெடித்திருந்தவள், மறந்து கீழே வைத்த பாட்டிலை எடுத்து வாயருகே கொண்டு போனாள். ராவ் நடந்து வந்து அதை மெதுவாக வாங்கி, மண்ணில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "புதியது ஒன்று வாங்கிக்கொள், அம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த முகாமில் அதற்குப் பிறகு ஒரு பாட்டில்கூடத் தரையைத் தொடவில்லை. நான்கூடத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம். எதையும் தன் உத்தரவாகச் சொல்லமாட்டார். "இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள்" என்பார். செய்தது நல்லபடி முடிந்தால் அது துறையின் முடிவு. கெட்டுப்போனால் அந்தச் சிலர் யார் என்று யாருக்கும் தெரியாது.

நீலத்துக்கும் மெரூனுக்கும் பகை பழையது. ஆனால் மெட்ரோ தூண்கள் வந்த பிறகுதான் அது வெறியானது. சேர்க்கைக் காலத்தில் தூணுக்குத் தூண் பதக்கம் வாங்கிய மாணவர்களின் படம் தொங்கும். ஒரு தூணில் நாங்கள், அடுத்ததில் அவர்கள். அல்வாலில் இருந்து வேலைக்குப் போகும் வழியில் நான் எண்ணிக்கொண்டே போவேன். அவர்கள் தூண் ஒன்று கூடினாலும் அன்று துறையில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஒரு வருடம், அவர்களுடைய கபடி அணியில் ஆடிய இரண்டு பேர் அவர்கள் மாணவர்களே அல்ல என்று செய்தி வெளியானது. உண்மைதான். அதைச் செய்தியாளர்களிடம் சொன்னது எங்கள் துறை. மெரூனின் இயக்குநரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தது. கடைசி நாள் காலையில் மெரூன் எங்களைவிட இரண்டு புள்ளி முன்னால். நான் அழைப்பு அறையில் இருந்தேன். ஓடுவதற்கு முன் வீரர்களை உட்காரவைத்து, எண் அட்டையையும் காலணியையும் சரிபார்க்கும் இடம் அது. எங்கள் மைதானப் பணியாளர் காஜா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், வெள்ளை வேன் வந்துருச்சி. டப்பா டப்பாவா இறக்குறாங்க."

அந்தச் சேதி மைதானத்தைச் சுற்றிவர எந்த ஓட்டக்காரனும் தேவைப்படவில்லை. நானூறு மீட்டர் இறுதிக்கு எட்டு பேர் வர வேண்டும். மூன்று பேர் வந்தார்கள். ஒருவனுக்குத் தசைப்பிடிப்பு, இருவருக்கு வயிற்றுப்போக்கு, மற்ற இருவருக்கும் பாட்டி இறந்துவிட்டார்கள். உயரம் தாண்டலில் ஒருவனும் வரவில்லை, அவர்களுக்கும் பாட்டிகள்.

"ஆஜ் சப்கி தாதி மர்கயீ, சார்" என்றார் காஜா. இன்றைக்கு எல்லார் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "ஒரே லாரியில எடுத்துட்டுப் போயிரலாம்."

சம்மட்டி எறியும் பையன் ஒருவன் சுற்றுச்சுவரில் ஏறி, உடல் கனத்தால் இந்தப் பக்கமும் விழ முடியாமல் அந்தப் பக்கமும் குதிக்க முடியாமல் கிடந்தான். கீழே நின்று நாலு பேர் அவனை அந்தப் பக்கம் தள்ளினார்கள். இரண்டு சட்டை நீலம், இரண்டு மெரூன். அன்றைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

சிரிப்பு வந்தது. அது எங்கள் ஆட்களை எண்ணும் வரைதான். எங்கள் அணியில் அன்று முப்பத்தொரு பேர். நான் திரும்ப எண்ணும்போது பத்தொன்பது. பாஸ்கர ராவ் அறை வாசலில் வந்து நின்றார்.

"சிலருக்கு ஓய்வு தேவைப்படலாம், ராமநாதன் காரு." பெயரோடு 'காரு' சேர்ப்பது தெலுங்கு மரியாதை.

"யாருக்கு சார்?"

"ஓய்வு தேவைப்படுகிறவர்களுக்கு."

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வேண்டிய சேகர் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். ஜீடிமெட்லாவில் வீடு. அவனுடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் எல்லாமும்.

"நீ ஓடறியாடா?" என்றேன்.

"ஹவ் சார். கைக்கு கேக்கறீங்க?" ஆமாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று தெருப் பேச்சில்.

"எல்லாரும் போறாங்களே."

"போறவங்க போவட்டும். நான் ஒரு தலைவலி மாத்திரை கூட போட்டது கெடையாது. நான் இன்னாத்துக்கு சொவரு ஏறணும்?"

பன்னிரண்டு பேர் பதிவு செய்திருந்த ஓட்டத்தில் நான்கு பேர் ஓடினார்கள். கடைசிச் சுற்றில் சேகரும் மெரூனின் ஹரீஷும் மட்டும் தனியாக வந்தார்கள். வளைவில் சேகர் முந்தினான். எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. சாம்பியன் கோப்பை கைக்கு வந்தது. பச்சை அங்கி போட்ட சோதனைக் குழு இளைஞன் இருவரிடமும் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வாங்கினான். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வீரன் அவர்கள் கண்ணை விட்டு மறையக் கூடாது. மறைந்தால் அதுவே குற்றம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். சேகர் என்னைக் காட்டினான்.

சோதனைக்கு ஒதுக்கியிருந்தது விருந்தினர் அறை. பிளாஸ்டிக் நாற்காலி ஆறு, குளிர்பெட்டி ஒன்று, அதில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள். சோதனை அதிகாரி மராத்திக்காரர், நடுத்தர வயது, மிகவும் மரியாதையானவர். அவர் ஒவ்வொன்றையும் வீரனையே தேர்ந்தெடுக்கச் சொல்வார். உறையிட்ட கோப்பைகள் நான்கில் ஒன்றை அவனே எடுக்க வேண்டும். சட்டையை மார்புக்கு மேல் தூக்கி, கால்சட்டையை முழங்கால்வரை இறக்கி, ஆண் சாட்சி ஒருவர் நேராகப் பார்க்கச் சிறுநீர் கழிக்க வேண்டும். பிறகு கண்ணாடி பாட்டில் பெட்டிகளில் ஒன்றை அவனே எடுத்து, மூடியிலும் பாட்டிலிலும் பெட்டியிலும் எண் ஒன்றுதானா என்று பார்த்து, அவன் கையாலேயே இரண்டு பாட்டிலில் பிரித்து ஊற்றி மூட வேண்டும். மூடி ஒரு பக்கம்தான் சுற்றும். சுற்றும்போது டிக் டிக் என்று கேட்கும். திரும்பத் திறக்க உடைக்கத்தான் வேண்டும். மீந்த சொட்டை ஒரு சிறு கருவியில் விட்டு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மிகவும் நீர்த்திருந்தால் போதாது. இன்னொரு தடவை தர வேண்டும்.

ஓடி முடித்தவர்களுக்குச் சிறுநீர் வராது. உடம்பில் தண்ணீர் இருக்காது. ஹரீஷ் மூன்று பாட்டில் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சேகர் வந்த உடனே எழுந்து போய்க் கோப்பையை நிறைத்துக் கொண்டுவந்தான்.

"ஒரேய், உங்க வீட்டுல குழாயா வச்சிருக்காங்க?" என்றான் ஹரீஷ் தெலுங்கில்.

"தங்கம் வாங்கினவனுக்குத் தானா வரும்டா. நீ வெள்ளி, காத்திரு" என்றான் சேகர்.

இருவரும் சிரித்தார்கள். அதிகாரி கருவியைப் பார்த்து, "நீர்த்திருக்கிறது. மன்னிக்கவும், மறுபடி" என்றார். கொஞ்ச நேரத்தில் சேகர் மறுபடி போனான். அதுவும் நீர்த்திருந்தது. மூன்றாவது முறை எழுந்தபோது ஹரீஷ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காலையில் அழைப்பு அறையிலிருந்தும் இவன் இரண்டு முறை வெளியே போய் வந்தது ஞாபகம் வந்தது.

"நிறையத் தண்ணி குடிக்கிறியாடா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"குடிக்காம? நாக்கு வறண்டு போவுது சார். ஒரு வாரமா இப்படித்தான். தூக்கத்துல கூட எழுந்து எழுந்து போறேன்."

"ஒரு வாரமாவா? புதுசா என்ன சாப்பிடறே?"

"சாப்பாடுதான் சார்."

"புதுசா வேற என்ன பண்றே?"

அவன் பச்சை அங்கிக்காரனைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

"அப்பாவுக்கு கை மெஷின்ல மாட்டிக்கிச்சி சார். கட்டுப் போட்டிருக்கு. அவரு பதிலுக்கு நான் போறேன், ராத்திரி ஷிப்டு. அவரு கார்டுலயே. இல்லாட்டி வேற ஆளைப் போட்டுக்குவேன்னான் காண்ட்ராக்டர்."

"எங்கே?"

"மருந்து கம்பெனி சார், மூணாவது ஷெட்டு. பொடிய அள்ளி டிரம்முல ரொப்பணும். கர்ச்சீப் கட்டிக்குவோம். வூட்டுக்குப் போனா மூக்குலேர்ந்து வெள்ளையா வரும்."

"என்ன பொடி அது?"

"நீர் மாத்திரைக்கு சார். கால் வீங்கினவங்களுக்கு, பி.பி.க்குக் குடுப்பாங்களே, அது."

 தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் என் அறைச் சுவரிலேயே தொங்கியது. அதில் நீர் மாத்திரையும் உண்டு. அதைப் போட்டால் வேகமாக ஓட முடியாது. ஆனால் வேறு ஊக்கமருந்து போட்டவர்கள் அதை உடம்பிலிருந்து கழுவித் தள்ள இதைப் போடுவார்கள். அதனால் இது உடம்பில் இருப்பதே குற்றம். அதற்கான தண்டனைக்குப் பிறகு இருபது வயதுப் பையன் திரும்ப வரும்போது ஓட்டக்காரனாக இருக்கமாட்டான். அவன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிறுநீர் எடுத்த பிறகு, கடந்த ஏழு நாளில் உடம்பில் போனது எதுவானாலும் சொல்லலாம் என்று அதிகாரி படிவத்தில் ஒரு பகுதியைக் காட்டுவார். அப்போது சொல்வதற்கு மதிப்பு உண்டு. மாட்டிக்கொண்ட பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அறைக் கதவுக்கு வெளியே பாஸ்கர ராவ் நின்றார். பதக்கம் வாங்கியவன் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்திருந்தார். சேகரைப் பச்சை அங்கிக்காரனிடம் விட்டுவிட்டு வெளியே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விளையாட்டு ஒதுக்கீட்டு மாணவன் சம்பள வேலைக்குப் போகக் கூடாது. சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறான்."

"ஆமாம் சார்."

"வருடா வருடம் நீங்களும் சான்று தருகிறீர்கள்."

"ஆமாம் சார்."

"வேலைக்குப் போனேன் என்று அவன் எழுதினால், அவன் ஓடியதே முறைகேடு. கோப்பை போகும். வாசலில் மெரூன் ஆட்கள் மூன்று செய்தியாளர்களோடு நிற்கிறார்கள், பார்த்தீர்களா?"

பார்த்திருந்தேன். நான் நாலு பேர் என்று எண்ணியிருந்தேன்.

"எழுதாமல் விட்டுச் சோதனையில் வந்துவிட்டால் சார்?"

"வராமலும் போகலாம்."

"வந்தால்?"

"வந்தால், அது அந்தப் பையனின் சொந்தப் பழக்கம். துறைக்கு அதில் சம்பந்தமில்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் ஒன்றும் சொல்லவில்லை, ராமநாதன் காரு."

உள்ளே போனேன். என் மனைவி, மகளின் படிப்பு, மிச்சமிருந்த என் சர்வீஸ் எல்லாம் அந்தக் கதவைத் திறப்பதற்குள் நினைவுக்கு வந்தன. மூன்றாவது மாதிரி சரியாக இருந்தது. சேகர் பாட்டில்களை மூடிக்கொண்டிருந்தான். டிக் டிக் என்ற சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ராவ் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் அப்படியே சொன்னேன். எழுதினால் சீட்டு போகும், பதக்கம் போகும். அப்பாவின் கார்டில் நீ போனது தெரிந்து அவர் வேலையும் போகும். எழுதாமல் விட்டு மருந்து இருப்பது தெரிந்தால், நீ திருடன் என்று ஊர் சொல்லும். இதில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். அது பொய்யில்லை.

அவன் மிச்சமிருந்த மூடியையும் சுற்றி முடித்தான்.

"அந்தப் பொடி உள்ள போனா தலை சுத்துமா சார்?"

"சுத்தும். ரத்த அழுத்தம் இறங்கும். திடீர்னு நின்னா கண்ணு இருட்டும்."

"அப்பா மெஷின் மேல வுழுந்ததுக்கு, குடிச்சிட்டு வந்தான்னு சூபர்வைசர் எழுதிட்டான் சார். எங்கப்பா குடிக்கவே மாட்டாரு. சும்மா நின்னேன், கண்ணு இருட்டிக்கிச்சின்னாரு. நாங்களே நம்பல சார். அம்மா அவருகூடப் பேசறதில்ல."

மூடிய பாட்டில்களைச் சேகர் காட்டினான்.

"இந்த டெஸ்ட்ல, உடம்புல எவ்ளோ பொடி இருக்குன்னு வருமா? எழுதித் தருவாங்களா?"

"வரும். முத்திரையோட தருவாங்க."

"ஒரு வாரத்துல எனக்கு இவ்ளோன்னா, அப்பா பதினோரு வருசமா போறாரு. ஷெட்டுல பதினாலு பேரு. ஒருத்தனுக்கும் இதுவரிக்கும் யாரும் டெஸ்ட் எடுத்ததில்ல சார்."

பேனாவை எடுத்தான். "யோசிடா" என்று நான் அவன் முழங்கையைத் தொட்டேன். "ஓடறப்ப யோசிக்க நேரம் இருந்திச்சி சார். இப்ப நக்கோ, வேணாம்" என்றான். கம்பெனி பேர், ஷெட்டு எண், பொடி, அப்பாவின் கார்டு எல்லாம் எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இல்லை. துணைக்கு வந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது என்று என் வங்கியில் காட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள்.

அதிகாரி படித்துப் பார்த்தார். "இத்தனை வருடத்தில் வைட்டமின் எழுதுவார்கள், இருமல் மருந்து எழுதுவார்கள். இப்படி ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை" என்றார் ஹிந்தியில். ஹரீஷ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தான். அவனுக்கு இன்னும் வந்தபாடில்லை.

முடிவு வரும் வரை நான் உறங்கிய நேரம் குறைவு. மருந்து இருந்தது; கொஞ்சநஞ்சமில்லை. சேதி எப்படியோ மெரூனுக்கு முன்கூட்டியே போய், எங்களுக்குக் கடிதம் வருவதற்குள் பத்திரிகைகளில் வந்துவிட்டது. கபடிக்குப் பழி வாங்கிவிட்டார்கள். எங்கள் பல்கலைக்கழகம், அந்த மாணவன் எங்களை ஏமாற்றிவிட்டான் என்று அறிக்கை விட்டது. சீட்டை ரத்து செய்தது. மெட்ரோ தூணிலிருந்து அவன் படத்தை இறக்கிய அன்று நான் அந்த வழியில்தான் போனேன். படத்தை முழுதாக அவிழ்க்க நேரமில்லாமல் கத்தியால் கிழித்திருந்தார்கள். தூணில் அவன் முழங்காலும் ஒரு காலணியும் மட்டும் மிச்சம் இருந்தன. என்மேல் துறை விசாரணை. காண்ட்ராக்டர் சேகரின் அப்பா கஜேந்திரனை இனி வர வேண்டாம் என்றான்.

சோதனை முடிவு குறித்த விசாரணைக் குழுவில் மூன்று பேர்: வழக்கறிஞர் ஒருவர், பெண் மருத்துவர் ஒருவர், முன்னாள் வீரர் ஒருவர். பாஸ்கர ராவ் வரவில்லை. நான் சாட்சியாகப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். வழக்கறிஞர் கேட்டார்: "இந்த மருந்து உன் உடம்பில் போகும் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். இப்ப தெரியும்" என்றான் சேகர் ஹிந்தியில். "இன்னும் பதினாலு பேர் உடம்புல இருக்கு. அவங்களுக்கு எப்ப டெஸ்ட் எடுப்பீங்க?"

அது இந்தக் குழுவின் வரம்பில் இல்லை என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வரம்பில் இல்லை என்பதுதான் உண்மை.

அன்றே எழுதிக் கொடுத்திருந்ததால் அவன் சொன்னதை நம்பினார்கள். தடை இல்லை. ஆனால் விதிப்படி பதக்கம் போனது. ஹரீஷுக்குத் தங்கம், மெரூனுக்குக் கோப்பை. படிக்கட்டில் அந்த மருத்துவர் என்னை நிறுத்தினார்.

"அவர்களுக்கு ரத்த அழுத்தமாவது பாருங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை."

எங்கள் வளாகத்து மருத்துவ நிலையம் மாணவர்களுக்கு மட்டும். டாக்டர் சுஜாதா அங்கே பணியில் இருந்தார். அவரிடம் கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. "ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். என்ன செய்துவிடுவார்கள்?" என்றார். என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்கு ஒரு பட்டியலே தெரியும். அதைச் சொல்லவில்லை.

பதினான்கு பேரும் வருவதாகச் சேகர் சொன்னான். ஞாயிறு காலை நான் வளாக வாசலில் நின்றேன். எதிர்ச் சாரியில் பேருந்து நிறுத்தம். அங்கே இரண்டு இரண்டு பேராக வந்து சேர்ந்தார்கள். ஆனால் சாலையைக் கடக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் பார்த்தேன். நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஜீப். உள்ளே காண்ட்ராக்டரின் ஆள் கதவில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் யாரையும் மிரட்டவில்லை; பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். ஒருவர் வந்த பேருந்திலேயே ஏறிப் போனார். பிறகு இன்னும் இருவர். என் பின்னால் பல்கலைக்கழகக் காவலாளி, "யாருக்காக நிக்கறீங்க சார்? அனுமதி இருக்கா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டார். எனக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. உண்மையாகவே இருந்தது.

சேகர் சாலையைக் கடந்து நிறுத்தத்துக்குப் போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. கஜேந்திரன் கட்டுப்போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தார். ஜீப்பைப் பார்த்தார். பிறகு மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். பாதி வழியில் நின்றார். தலை சுற்றல் என்று நினைக்கிறேன். ஒரு லாரி ஒலி எழுப்பியது. சேகர் அவரைத் தாங்கிக்கொண்டு நின்றான். நிறுத்தத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார். அவர் பின்னால் இன்னொருவர் வந்தார். எண்ணினேன். எட்டு பேர் கடந்தார்கள்.

"எங்க சார் உட்காரணும்?" என்றார் கஜேந்திரன். "வெய்யில்ல நிக்க முடியல. ஷெட்ட வுட்டும் இந்தச் சுத்தல் என்னை வுடல. இன்னா பண்றது, மன்னிச்சிக்குங்க."

டாக்டர் சுஜாதா அவரை உட்காரவைத்து அளந்தார். எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி பட்டையில் காற்றை ஏற்றினார். பாதரசம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை ஏற்றினார். பிறகு அவரைத் தானே தோளைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார். வாசலில் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்ற ஏழு பேரைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், யாரையும் நிற்க விடாதீங்க" என்றார் என்னிடம். "நாற்காலி போதலைன்னா தரையில உட்கார வைங்க. இப்பவே."

நான் முதல் ஆளின் கையைப் பிடித்தேன்.